நாற்பத்தைந்துக்கு ஒரு ப்ராக்ஸி

மூவாயிரத்து இருநூறு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மனநல ஆலோசகர் என்றால் என்ன ஆகும்? பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆலோசகருக்குத்தான் ஏதாவது ஆகும். பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில் நூர்ஜகான் மேடத்துக்கு முதலில் தலைவலி வந்தது, அப்புறம் கழுத்துவலி, கடைசியில் பெயர் மறதி. ஒரு பையனை இன்னொரு பையன் என்று நினைத்து மூன்று வாரம் தேற்றியிருக்கிறார். அவனும் மேடத்தின் மனம் நோகக்கூடாதே என்று தேறிவிட்டான்.

அதன் பிறகுதான் இரண்டாம் மாடியில், வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில், அந்த எந்திரம் வந்து உட்கார்ந்தது.

யோசனை ரொம்ப எளிமையானது. ஒரு பெண்ணின்மேல் அவளைவிட அக்கறை உள்ளவர் யார்? அவளேதான். ஆனால் பத்தொன்பது வயதில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அவளுடைய குணத்தை எடுத்து, அதற்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வயதேற்றி, நாற்பத்தைந்து வயது அவளையே அவளோடு பேசவைத்துவிட்டால்? பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், தனி அறை, தலையில் துணித்தொப்பி, ஒரே நாற்காலி. "எங்க நாப்பத்தஞ்சு நேத்து என்ன சொல்லிச்சு தெரியுமா?" என்பதுதான் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் அந்த வருஷம் முழுக்கப் பேச்சு.

ஆரம்பத்தில் முகமும் காட்டினார்களாம். சொட்டைத் தலையோடு தங்களைப் பார்த்த மூன்று பையன்கள் பரீட்சை எழுதாமல் ஊருக்குப் போய்விட்டதால், குரல் மட்டும் போதும் என்று ஆயிற்று. நாற்பத்தைந்து ஜோசியமும் சொல்லாது. யாரைக் கல்யாணம், எத்தனை பிள்ளை என்று யாராவது வழிந்தால், "அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் உன் குணம், அவ்வளவுதான்" என்று கறாராகச் சொல்லிவிடும்.

குணத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் யாரும் யோசிக்கவில்லை. மதிப்பெண்ணும் விடுதிப் பதிவும் கைப்பேசியும் அவர்களிடம்தானே கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் 'அளவெடுப்பு' என்று ஒரு நாள் அரைமணி நேரம் உட்காரவைப்பார்கள். அதை வருகைப்பதிவு மாதிரி ஒரு சடங்கு என்று எடுத்துக்கொண்டார்கள். வருகைப்பதிவு என்றால் அந்தக் கல்லூரியில் என்ன செய்வார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்த பிரம்மசக்திக்கு, சுருக்கமாகப் பிரமுவுக்கு, அந்தத் தொப்பியை நினைத்தாலே பயம். அவள் சங்கரன்கோயில்காரி. இறங்கவேண்டிய நிறுத்தம் வந்த பிறகும் நடத்துநரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, வெயிலில் திரும்ப நடந்து வருகிற ரகம். பவளப்பாறைகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும் என்பதும் ஒருவருக்கும் தெரியாது.

"அளவெடுக்கன்னு கூப்புட்டு என்ன கேப்பாங்களோட்டி. எனக்கு வாயே வராது," என்று அறைத்தோழி ஜெசிந்தாவிடம் புலம்பினாள்.

"இதுக்கா அழுத? சேர்க்கை எண்ண அமுக்கிட்டு உக்காரணும், அவ்வளவுதான? நான் ப்ராக்ஸி குடுக்கேன்."

ஜெசி சொன்னால் சொன்னதுதான். இடிந்தகரையிலிருந்து வந்தவள், கால்பந்து அணியின் கோல் காப்பாளர், மாணவியர் விடுதியின் ப்ராக்ஸி ராணி. ஒரே வகுப்பில் ஆறு பேருக்கு ஆறு குரலில் வருகை சொல்லுவாள். ஒருமுறை ஜலதோஷக்காரி ஒருத்திக்காகத் தும்மிக்கொண்டே சொன்னாள், பேராசிரியர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அளவெடுப்பு நாளன்று இரண்டாம் மாடிக்குப் போய்விட்டு வந்தவள், "முடிஞ்சுட்டு, ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு மைதானத்துக்கு ஓடினாள்.

ஆனால் பதினைந்து நாள் கழித்து முதல் சந்திப்புக்குப் பிரமுவேதான் போகவேண்டியிருந்தது. ஜெசிக்கு அன்று தூத்துக்குடியில் ஆட்டம். பிரமு சாமி கும்பிட்டுவிட்டுத் தொப்பியை மாட்டினாள். எந்திரம் மொட்டைக் குரலில் ஏதேதோ கேட்டது. அப்பளத்தைச் சோற்றுக்கு முதலில் உடைப்பாயா, கடைசியிலா? கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்தால் திருப்பிவிடுவாயா? ஆலோசனை என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவளும் பதில் சொன்னாள். எதிரில் மனிதர் யாரும் இல்லாததால் வாய் தாராளமாகவே வந்தது. அரைமணி நேரம் அப்படிப் போன பிறகு சட்டென்று அறை முழுக்க ஒரு பெண்பிள்ளையின் சிரிப்பு கேட்டது.

"ஏம்மா, என்ன இப்படி ஒடுங்கிப்போயி உக்காந்திருக்க? நாற்காலி என்ன கடிக்கவா செய்யுது?"

பிரமுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரல் கொஞ்சம் தடித்திருந்தது, சிரிப்பில் கூச்சநாச்சம் எதுவும் இல்லை. "நீங்க... யாரு?" என்றாள்.

"நல்லாக் கேட்டியே. நான்தான் நீ. இருவத்தாறு வருசம் பொறுத்து வந்திருக்கேன், ஒரு வணக்கமாவது சொல்லேன்."

அன்று பிரமு மாடியிலிருந்து படிகளில் இறங்கவில்லை, மிதந்தாள். நான் இப்படி ஆகப்போகிறேனா? இப்படிச் சிரிக்கப்போகிறேனா? சும்மா இருந்தாலே போதும், வருஷம் ஏற ஏற இந்தப் பெண்பிள்ளை தானாக வந்து என்னுள் குடியேறிவிடுவாள் என்று தோன்றியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நான்கு மாதமும் ஒரே கொண்டாட்டம். நாற்பத்தைந்து அவளைக் கிண்டல் செய்தது, பாட்டுப் பாடிக் காட்டியது, அவளுக்குப் பிடிக்காத ஒரு பேராசிரியரைப் போலப் பேசிக் காட்டியது. பிரமுவும் முன்பணம் வாங்குவது மாதிரி அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இப்போதே எடுத்துச் செலவழித்தாள். நடத்துநரைக் கூப்பிட்டாள். விடுதியில் இரண்டாவது முட்டை கேட்டாள். கேட்டதோடு விட்டாளா, முதல் முட்டை சரியாக வேகவில்லை என்றும் சொன்னாள். சமையல்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ எந்த ஊரு பிள்ள? புதுசா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. மன்னார் வளைகுடாவில் அறுபது மீட்டர் ஆழத்தில் கட்டியிருக்கும் கடலடி நிலையத்தில் ஆறு மாதம் தங்கிப் பவளப்பாறைகளை ஆராய ஒரு மாணவிக்கு இடம். நேர்காணல் அடுத்த வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. பிரமு இந்த இடத்தைப் பற்றி ஒன்பதாம் வகுப்பிலிருந்து கனவு கண்டவள். அந்தக் கனவிலும் அவள் யாரோடும் பேசியதில்லை.

"போ," என்றது நாற்பத்தைந்து.

"நேர்காணல்ல மூணு பேரு உக்காந்திருப்பாங்களே."

"இருக்கட்டுமே. மூணு பேரும் சேந்து உன்னத் தின்னவா போறாங்க? போட்டி. போகாம இருந்தேன்னா இருவத்தாறு வருசம் உன்னத் திட்டிக்கிட்டே இருக்க வேண்டியது நான்தான்."

போட்டாள் விண்ணப்பத்தை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது இடி. இரண்டாம் மாடி நடையில் முதலாமாண்டுப் பிள்ளைகள் அளவெடுப்புக்காக வரிசையில் நின்றார்கள். நூர்ஜகான் மேடம் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"தொப்பிய ஒழுங்கா மாட்டுங்க. இது ஏதோ கையெழுத்துப் போடுற வேலன்னு நெனைக்காதீங்க. இந்த அரைமணி நேரத்துல எடுக்குறதுதான் உங்க குணம். இதுலேருந்துதான் நாற்பத்தஞ்சையே கட்டுறாங்க. இதுக்கு அப்புறம் வேற எதுவும் பாக்குறதில்ல."

பிரமு கிட்டே போய்க் கேட்டாள். "மேடம், மார்க்கு, விடுதிப் பதிவு... அதெல்லாம்?"

"அத வச்சு என்ன பண்ண? மார்க்குலயா குணம் இருக்கு?"

"ஒருவேள... சும்மா கேக்கேன் மேடம்... ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் தொப்பிய மாட்டிட்டா?"

"அந்த இன்னொருத்தரோட நாற்பத்தஞ்சு வந்து உக்காரும். குரல மட்டும் இவங்களுக்குத் தக்கபடி மாத்திப் பேசும். பாவம், அடுத்தவ வருங்காலத்த தன்னோடதுன்னு நம்பிட்டிருப்பா." மேடம் கண்ணைச் சுருக்கினார். "ஏன், எவளாவது செஞ்சிருக்காளா? ஒரு பருவம் வெளிய போடுவாங்க, தெரியும்ல?"

"இல்ல மேடம்," என்று சொல்லிவிட்டு பிரமு எப்படி விடுதிக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வந்து கட்டிலில் குப்புற விழுந்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. அந்தச் சிரிப்பு யாருடையது? அந்த வாய் யாருடையது? எதற்கும் அசையாத அந்தப் பெண்பிள்ளை ஜெசி, ஜெசியின் நாற்பத்தைந்து. தன்னுடையது எங்கே? எந்த எந்திரமும் கட்டாத தன் நாற்பத்தைந்து எங்கேயோ ஒரு பேருந்தில், இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டி, வாயைத் திறக்காமல் போய்க்கொண்டிருக்கும். அவள் வாய்விட்டு அழுதாள். செத்துப்போனவருக்காக அழலாம், இன்னும் பிறக்காத தனக்காக அழுவதற்கு ஆறுதல் சொல்ல யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் ஜெசி வந்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "அது நீதாண்ட்டி. நாலு மாசமா நான் பேசினது உங்கூடத்தான். கடலும் உனக்குத்தான் பொருத்தம். நீதான் அந்தக் கடலடி நிலையத்துக்குப் போகணும்."

ஜெசி ஏதாவது கேலி பேசுவாள் என்று எதிர்பார்த்தாள். ஜெசியோ முகம் வெளிறி, செருப்பை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள். "எனக்கு எதுக்குட்டி விலங்கியல்? நான் வணிகவியல்," என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனவள், அடுத்த மூன்று நாளும் பிரமுவின் கண்ணிலேயே படவில்லை. பயிற்சி, பயிற்சி என்று மைதானமே கதியாகக் கிடந்தாள், பிரமு தூங்கிய பிறகுதான் அறைக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குப் பிரமு முதல்வர் அறைக்குப் போகிற படியில் உட்கார்ந்திருந்தாள். வரமுடியவில்லை என்று எழுதிய கடிதம் கையில் இருந்தது. உள்ளே போய் நீட்டிவிட்டு வந்தால் முடிந்தது. பிரமுவால் அந்த மூன்று பேர் முன்னால் பேசமுடியாது, அது நிச்சயம். ஆனால் நாற்பத்தைந்தால் முடியுமே? நான்கு மாதம் அந்தப் பெண்பிள்ளையோடு பழகியாயிற்று. அவள் எப்படிச் சிரிப்பாள், எந்தக் கேள்வியை எப்படித் திருப்பி அடிப்பாள் என்று இந்த உலகத்தில் பிரமுவைத் தவிர யாருக்குத் தெரியும்? ஜெசி விடுதி முழுக்கக் குரல் கொடுத்தாளே, அவளுக்கு ஒரு தடவை நாம் கொடுத்தால் என்ன? நாற்பத்தைந்துக்கு ஒரு ப்ராக்ஸி!

நினைத்ததும் அவளுக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. கடிதத்தை நான்காகக் கிழித்தாள். உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள்.

"வணக்கம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, முழு நாற்காலியிலும் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக முதுகு சாய்ந்தது.

நடுவில் இருந்தவர் நிலையத்தின் தலைவி, டாக்டர் அன்னபாக்கியம். பக்கத்தில் இருந்த மீசைக்காரர்தான் ஆரம்பித்தார். "நீச்சல் தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

"நீச்சல் தெரியாமலா கடலுக்கு அடியில வந்து இருக்கப் போற?"

"அறுபது மீட்டர் ஆழத்துல நிலையத்துக்குள்ள தண்ணி வந்துட்டா, நீச்சல் தெரிஞ்சவங்க மட்டும் தூத்துக்குடிக்கு நீந்தியா சார் போயிருவாங்க?"

டாக்டர் அன்னபாக்கியம் சிரித்த சிரிப்பில் மீசைக்காரரும் சேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

"சரி, வெளுத்துப்போன பவளத்தப் பத்திச் சொல்லு. செத்துப்போனத வச்சு ஆறு மாசம் அங்க என்ன பண்ணப்போற?"

"செத்துப்போகல மேடம். அதோட உடம்புக்குள்ள குடியிருந்து சோறு போட்ட பாசி வெளிய போயிருச்சு, அதனால பட்டினி கெடக்கு. பாசி திரும்ப வந்துச்சுன்னா பொழச்சுக்கும். அதுக்குள்ள நாமதான் அவசரப்பட்டுச் செத்துப்போச்சுன்னு எழுதிருதோம்." எழுந்து போய்ப் பலகையில் படம் வரைந்தாள். அழித்தாள், மறுபடி வரைந்தாள். மூன்றாவது ஆள் ஒரு புள்ளிவிவரத்தைத் தப்பாகச் சொன்னார், திருத்தினாள். தேநீர் வந்து ஆறிப்போனது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாய்க்குள்ளேயே கிடந்ததெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்தது. ஐயோ, பேசுவது இவ்வளவு சுகமா!

"கடைசியா ஒண்ணு," என்றார் டாக்டர் அன்னபாக்கியம். "ஆறு மாசம், வெயில் கிடையாது, வீடு கிடையாது. பயமா இல்லையா?"

"ரொம்பப் பயமா இருக்கு மேடம். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? பயத்தையும் கூட்டிட்டுத்தான் வருவேன். அதுக்கும் சேத்து ஒரு கட்டில் போட்டுருங்க."

சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். இந்தப் பதில் யாருடையது? ஜெசி செத்தாலும் பயம் என்ற வார்த்தையை வாயால் சொல்லமாட்டாளே. யோசித்து முடிப்பதற்குள் டாக்டர் அன்னபாக்கியம் எழுந்து கைகொடுத்தார். "அடுத்த மாசம் பத்தாம் தேதி. கட்டில் போட்டு வைக்கேன்."

பிரமு மைதானத்துக்கு ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றதை விட்டுவிட்டே ஓடினாள். ஜெசி கோல் கம்பத்துக்குக் கீழே தனியாக நின்றாள்.

"எடம் கெடச்சிட்டு! ஆனா எனக்கு இல்லட்டி, உனக்கு. நான் உன் நாப்பத்தஞ்சு மாதிரியே பேசினேன். முழுக்க முழுக்க ப்ராக்ஸி. நான் போயி உண்மையச் சொல்லிருதேன். இல்லன்னா நீயே..."

"நான் போகலட்டி," என்றாள் ஜெசி.

"எங்க?"

"அளவெடுக்க. உனக்காக. நான் போகவே இல்ல."

"முடிஞ்சுட்டுன்னு சொன்னியேட்டி?" என்றாள் பிரமு.

"மாடி ஏறுனேன். கதவத் தொறந்தேன். மேசைமேல தொப்பி இருந்துச்சு. யார் பேர்ல உக்காந்தாலும் அது என் மண்டைக்குள்ளதான் பாக்கும்னு தோணிட்டு. எறங்கி வந்துட்டேன். ஊருக்கெல்லாம் குடுத்தவ, உனக்குக் குடுக்கல. சொல்ல வெக்கமா இருந்துச்சு." அவள் பந்தைக் காலால் உருட்டினாள். "என்னோட நேரத்துக்கும் நான் ஒரு நாளும் போகல. ஆட்டம் இருக்குன்னு சொல்லிச் சொல்லித் தள்ளிட்டேன். நாப்பத்தஞ்சுல நான் யாரும் இல்லாம ஒத்தையில உக்காந்திருந்தேன்னா? அந்தக் குரல எப்படிட்டி கேக்க?"

எதற்கும் அசையாத ஜெசி, பந்து முகத்தில் பட்டு உதடு கிழிந்தபோதும் சிரித்த ஜெசி, விசும்பி விசும்பி அழுதாள்.

"அப்ப என் அளவ யாரு குடுத்தா?" என்று பிரமு கேட்டாள். கேட்டவள் அப்படியே வாயைப் பொத்தினாள். "ஏட்டி! அப்பளம்!"

"என்ன அப்பளம்?"

"முதல் நாளு அரைமணி நேரம் அப்பளம், கரப்பான்னு கேட்டுச்சே... அதுதான் அளவெடுப்பு! யாரும் எடுக்காததால அன்னிக்கு எங்கிட்டயே எடுத்திருக்கு. ஜெசி, அது நான்! அந்தச் சிரிப்பு, அந்த வாயி, எல்லாம் நான்தான்!"

நான்கு நாள் நரகத்தில் தள்ளியவள்மேல் நியாயமாகப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ சந்தோஷம்தான், அதுவும் அடக்கமுடியாத சந்தோஷம். யாருக்கோ ப்ராக்ஸி என்று நினைத்துத் தனக்கே ப்ராக்ஸி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒற்றைச் செருப்போடு கோல் கம்பத்தைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு ஜெசியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா."

"எங்கட்டி?"

"ரெண்டாம் மாடிக்கு. இதுக்கு யாரும் ப்ராக்ஸி குடுக்க முடியாது."

"நீயும் உள்ள வருவியா?"

"ஒரு நாற்காலிதான் போட்டிருக்காங்க. நான் வெளிய நிக்கேன்."

நின்றாள். ஆய்வகத்து அழுகல் முட்டை வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. நேரம் ஆக ஆக, தப்புச் செய்துவிட்டோமோ என்று கதவைத் தட்டக் கை ஓங்கினாள், தட்டவில்லை.

கதவு திறந்தது. ஜெசியின் தலைமுடி கலைந்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன.

"என்னட்டி? ஒத்தையில இருக்காளா?"

"அதெல்லாம் சொல்லமாட்டாளாமே."

"பின்ன ஒரு மணி நேரமா என்ன பண்ணுனா?"

"முதல் அரைமணி அப்பளமும் கரப்பானும். மிச்ச அரைமணி உன்னத் திட்டுனா," என்றாள் ஜெசி. மூக்கை உறிஞ்சினாள், சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஆறு மாசம் என்ன இங்கன விட்டுட்டுக் கடலுக்குள்ள போறன்னு சொல்லிட்டேன், அதுக்கு. இருவத்தாறு வருசமா உங்கிட்ட அதச் சொல்லிக் காட்டிட்டே இருக்காளாம். இன்னும் அவளுக்கு அலுக்கலையாம்."